மூளைக்கட்டியில் கொஞ்சம் விட்டுவிடுவது ஏன்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அண்ணனுக்கு இடது பக்க மூளையில் கட்டி, க்ளியோமா என்ற வகையாக இருக்கலாம் என்கிறார்கள், விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள், அப்படிச் செய்தாலும் முழுவதும் எடுக்க முடியாமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். லேசர், ரோபோ, நேவிகேஷன் என்று இவ்வளவு வந்த பிறகும் ஏன் இப்படி, வேறு பெரிய இடத்துக்குப் போனால் முழுசாக எடுத்துவிடுவார்களா என்று கேட்கிறீர்கள். கருவிகளைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். மிச்சம் விடுகிறார்கள் என்றால் அது கையாலாகாமல் விடுவதா, தெரிந்தே விடுவதா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மூளை அறுவைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். பல வருடங்களாக அறுவைத் திரைக்கு இந்தப் பக்கம், அதாவது நோயாளியின் முகம் தெரிகிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கத்தி என் கையில் இல்லாததால் எந்த வழியாகக் கட்டியை அடைய வேண்டும் என்பதைப் பற்றி நான் பேசினால் அதை அரைகுறையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் ஸ்கேனையும் நான் பார்க்கவில்லை. பார்க்காமல் அவருக்கு என்ன ஆகும் என்று இணையத்தில் யார் சொன்னாலும், நான் உட்பட, நம்பாதீர்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். மூளைக்கட்டி என்பது ஒரு நோயின் பெயர் கிடையாது, நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர். மெனிஞ்சியோமா என்று ஒன்று, மூளையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வளர்வது, பெரும்பாலும் மூளையை வெளியிலிருந்து அமுக்கிக்கொண்டு நிற்குமே தவிர அதனுடன் கலக்காது. பிட்யூட்டரி கட்டி மூளைக்கு அடியில் ஓர் எலும்புக் குழியில் இருக்கும், அதை மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு, மண்டையைத் திறக்காமலேயே எடுக்கிறார்கள். செவி நரம்பின் உறையிலிருந்து வளரும் ஷ்வானோமா இன்னொன்று. இந்த வகைகளில் சர்ஜன் வெளியே வந்து "முழுவதும் எடுத்தாச்சு" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு நேரான பொருள் உண்டு. மெனிஞ்சியோமாவை எவ்வளவு எடுத்தால் எவ்வளவு தூரம் திரும்பி வரும் என்று டொனால்ட் சிம்சன் 1957இல் வகுத்த தரப்பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இங்கேயும் தெரிந்தே விடுவது உண்டு. ஷ்வானோமா முகத்தை அசைக்கும் நரம்பின் மேல் அப்பிக்கொண்டிருக்கும், அதைக் கடைசித் துளி வரை சுரண்டினால் முகத்தின் ஒரு பாதி செயலிழந்து, கண் மூடாமல், வாய் கோணிப்போகலாம். அதனால் நரம்பின் மேல் மெல்லிய படலத்தை விட்டுவிட்டு, அது வளர்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துக்கொண்டு, வளர்ந்தால் காமா நைஃப் மாதிரியான குவி கதிர்வீச்சு கொடுப்பது இன்று பல இடங்களில் வழக்கம். ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் 1960களின் இறுதியில் கொண்டுவந்த கருவி அது. பெயரில் நைஃப் இருந்தாலும் கத்தி எதுவும் இல்லை, பல திசைகளிலிருந்து வரும் கதிர்கள் ஒரே புள்ளியில் சேரும்.

க்ளியோமா கதை வேறு. அது மூளைத் திசுவுக்கு உள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே பரவுவது. அருகம்புல் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே தெரிகிற கொத்து கையோடு வந்துவிடும், அடியில் ஓடிய கொடி எங்கே முடிகிறது என்று யாராலும் காட்ட முடியாது. எம்ஆர்ஐயில் வெள்ளையாகத் தெரியும் பகுதிதான் கட்டி, அதற்கு வெளியே எல்லாம் சுத்தம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். படத்தில் சாதாரணமாகத் தெரிகிற இடத்திலிருந்து எடுத்த துணுக்கிலும் கட்டி செல்கள் இருப்பதைப் பலரும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்க சர்ஜன் வால்டர் டேண்டி 1928இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இதற்கு வரலாற்றுச் சாட்சி. ஏற்கெனவே ஒரு பக்கம் செயலிழந்துபோன சில க்ளியோமா நோயாளிகளுக்கு அவர் வலது பெருமூளைப் பாதியையே எடுத்துவிட்டார். பாதி மூளையை எடுத்த பிறகும் நோய் திரும்பி வந்தது. "முழுவதும் எடுத்தல்" என்பதற்கு இதைவிடப் பெரிய ஆபரேஷன் இருக்க முடியாது. அதனால் க்ளியோமாவில் ஒரு சர்ஜன் முழுவதும் எடுத்துவிட்டேன் என்றால், ஸ்கேனில் தெரிந்ததை எடுத்துவிட்டேன் என்றுதான் பொருள். உங்களிடம் முன்கூட்டியே உண்மையைச் சொன்ன டாக்டர் மேல் எனக்கு நம்பிக்கைதான் கூடுகிறது.

அப்படியென்றால் எதற்கு எடுக்க வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும், நியாயமான கேள்விதான். அழுத்தம் குறையும், வலிப்பு குறையலாம், எந்த வகை என்று பேத்தாலஜியில், அதாவது எடுத்த திசுவைச் சோதிப்பதில், உறுதியாகத் தெரியும். இந்த மூன்றிலும் சந்தேகம் இல்லை. ஆயுள் கூடுமா என்பதில்தான் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். மெதுவாக வளரும் க்ளியோமாவில் கூடும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் நார்வேயிலிருந்து 2012இல் வந்தது. அங்கே இரண்டு ஆஸ்பத்திரிகள், ஒன்று பயாப்சி, அதாவது சோதனைக்குச் சிறு துணுக்கு மட்டும், எடுத்துவிட்டுக் காத்திருந்து பார்க்கும் பழக்கமுடையது, இன்னொன்று சீக்கிரமே அறுத்து எடுக்கும் பழக்கமுடையது. நோயாளிகள் எந்த ஊரில் குடியிருந்தார்கள் என்பதை வைத்தே எந்த ஆஸ்பத்திரி என்பது முடிவானது. சீக்கிரம் எடுத்த ஆஸ்பத்திரியின் நோயாளிகள் தெளிவாக அதிக நாள் வாழ்ந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லைதான், ஆனால் அதற்கு அடுத்தபடி நல்லது இது. வேகமாக வளரும் க்ளியோபிளாஸ்டோமாவில் 98 சதவீதம் எடுத்தால்தான் பலன் என்று 2001இல் ஒரு கட்டுரை, 78 சதவீதத்திலிருந்தே பலன் தெரிகிறது என்று 2011இல் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பலவீனம். அதிகம் எடுக்க முடிந்தவர்கள் யார்? கட்டி ஆபத்தில்லாத இடத்தில் இருந்தவர்கள், வயது குறைந்தவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே நன்றாக நடமாடியவர்கள். அவர்கள் எப்படியும் கொஞ்சம் அதிக நாள் இருந்திருப்பார்கள். கணக்கில் சரிசெய்தோம் என்பார்கள், எவ்வளவு சரிசெய்தாலும் அந்தச் சாய்வு முழுவதும் போகாது. ஆகவே நிறைய எடுப்பது நல்லது என்பது ஏறக்குறைய உறுதி, இத்தனை சதவீதம் என்று கோடு போடுவது அவ்வளவு உறுதியில்லை.

இனி கருவிகள். நேவிகேஷன் என்பது நோயாளியின் ஸ்கேனைத் தலையோடு பொருத்தி, கையிலிருக்கும் கருவியின் முனை மூளையில் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டுவது. தோலில் எங்கே வெட்டுவது, எலும்பை எவ்வளவு திறப்பது என்பதற்கு அது அருமையான துணை. கட்டிக்குள் இறங்கிய பிறகு அதன் நம்பகம் குறைந்துகொண்டே போகும். மூளையுறையைத் திறந்ததும் தண்டுவட நீர் வடியும், மூளை அமுங்கும், கட்டியை எடுக்க எடுக்க சுற்றியுள்ள திசு நகரும். ஒரு சென்டிமீட்டர் வரை, சில சமயம் அதற்கும் மேல் நகர்ந்துவிடும். ஆனால் திரையில் இருப்பது ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த படம். இதில் எனக்கும் பங்கு உண்டு, மூளை வெளியே பிதுங்காமல் தளர்ந்திருக்க வேண்டும் என்று மானிட்டால் கொடுப்பது நான்தான், அந்த மருந்து வேலை செய்யச் செய்ய மூளை சுருங்கி, வரைபடம் பொய்யாகிக்கொண்டே போகும். இதற்குத்தான் ஆபரேஷன் நடுவிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பது, சில இடங்களில் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே எம்ஆர்ஐ எடுப்பது. 2011இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில் நடுவில் எம்ஆர்ஐ எடுத்தவர்களில் 96 சதவீதத்தினருக்குத் தெரிந்த கட்டி முழுவதும் எடுக்கப்பட்டது, எடுக்காதவர்களில் 68. நோயாளிகள் ஐம்பதுக்கும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷன் ஒரு மணி நேரமாவது கூடும், காந்தப்புலத்துக்குள் என் கருவிகள் எல்லாம் அதற்கென்று தனியாகச் செய்தவையாக இருக்க வேண்டும். இது இல்லாத தியேட்டரில் நல்ல வேலை நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன், அல்ட்ராசவுண்டை மட்டுமே வைத்துக்கொண்டு பிரமாதமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

கட்டியை ஒளிரவைக்கும் மருந்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். 5-ஏஎல்ஏ என்பது அதன் பெயர். மயக்கம் கொடுப்பதற்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்போம். வீரியமான க்ளியோமா செல்கள் அதை ஒளிரும் பொருளாக மாற்றித் தங்களுக்குள் சேர்த்துவைக்கும், மைக்ராஸ்கோப்பில் நீல ஒளியைப் போட்டால் கட்டி சிவப்பாக மின்னும். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் வாய் பிளக்கும். சாதாரண வெளிச்சத்தில் மூளை மாதிரியே தெரிந்த ஓரங்கள் நீல ஒளியில் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மனியில் ஸ்டும்மர் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மருந்தோடு செய்தபோது 65 சதவீதத்தினருக்கும், இல்லாமல் செய்தபோது 36 சதவீதத்தினருக்கும் தெரிந்த கட்டி முழுவதும் நீங்கியது. 6 மாதம் நோய் வளராமல் இருந்தவர்கள் மருந்தோடு செய்தவர்களில் 41 சதவீதம், மற்றவர்களில் 21. பெரிய வித்தியாசம்தான். ஆனால் மொத்த ஆயுளில் அந்த ஆய்வு தெளிவான வித்தியாசத்தைக் காட்டவில்லை, விளம்பரங்களில் இந்த வரி வராது. இன்னொன்று, மெதுவாக வளரும் க்ளியோமாக்களில் பெரும்பாலானவை ஒளிராது. அண்ணனுடையது அந்த வகையாக இருந்தால் இந்த மருந்து அவருக்குப் பெரிதாக உதவாது, அதற்காக ஆஸ்பத்திரி மாறத் தேவையில்லை. கொடுத்தால், அப்புறம் ஒன்றிரண்டு நாள் வெயிலும் பளிச்சென்ற விளக்கும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தோல் சிவந்துவிடும்.

இப்போது உங்களை அதிகம் பயமுறுத்திய விஷயத்துக்கு வருகிறேன், விழித்திருந்தே செய்வது. மேலே சொன்ன கருவிகள் எல்லாம் கட்டி எங்கே என்று மட்டும்தான் சொல்லும். பேச்சு எங்கே இருக்கிறது என்று எந்த ஸ்கேனும் உறுதியாகச் சொல்லாது. புத்தகத்தில் போட்டிருக்கும் பேச்சு மையம் ஒரு சராசரி, ஆளுக்கு ஆள் சென்டிமீட்டர் கணக்கில் மாறும், மெதுவாக வளர்ந்த கட்டி வருடக்கணக்கில் அதை இன்னும் நகர்த்தியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி நோயாளியைப் பேசச் சொல்லி, அந்த நேரத்தில் மூளையின் மேல் லேசான மின்சாரத்தைத் தொட்டுப் பார்ப்பது. தொட்ட இடத்தில் பேச்சு நின்றால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். வைல்டர் பென்ஃபீல்ட் மாண்ட்ரியாலில் வலிப்பு நோயாளிகளுக்கு இதைச் செய்து பழக்கினார். பிரான்சில் யூக் டுஃபோ, அமெரிக்காவில் மிட்செல் பெர்கர் போன்றவர்கள் க்ளியோமாவுக்கு இதை முறையான வழியாக்கினார்கள். டுஃபோ குழு மூளையின் மேற்பரப்போடு நிற்காமல் உள்ளே ஓடும் நரம்புக் கம்பிகளையும் இப்படிச் சோதித்துக்கொண்டே போக வேண்டும் என்று வலியுறுத்தியது. இன்று அதுதான் நடைமுறை.

வலிக்குமா என்றால், மூளைக்கு வலி உணர்வு கிடையாது. தலைத்தோலும் மூளையுறையும்தான் வலிக்கும். தலைத்தோலுக்குப் போகும் நரம்புகளை ஊசி போட்டு மரத்துப்போக வைப்போம். பல இடங்களில் திறக்கும்போது தூங்கவைத்துவிட்டு, மூளை தெரிந்ததும் எழுப்பி, சோதனை முடிந்த பிறகு தையல் போடும்போது மறுபடி தூங்கவைப்பார்கள். சில இடங்களில் முழுக்கத் தூக்கமில்லாமல், லேசான மருந்தோடு மட்டும். எது மேல் என்று நாங்கள் எங்களுக்குள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், அந்தக் குழுவுக்கு எது கைப்பழக்கமோ அதுவே போதும் என்பது என் கருத்து. எழுப்பிய பிறகு படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வோம், எண்ணச் சொல்வோம், கையை மடக்கி நீட்டச் சொல்வோம். "இது ஒரு..." என்று தொடங்கியவர் பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டே வார்த்தை கிடைக்காமல் நிற்பார், மின்முனையை எடுத்ததும் "பூனை" என்பார். அந்த இடத்தில் ஒரு சின்ன எண்ணிட்ட காகிதத் துண்டை வைத்துவிட்டு சர்ஜன் அடுத்த இடத்துக்குப் போவார். பலர் பின்னால் என்னிடம் சொன்ன ஒரே குறை, ஒரே பக்கமாகப் படுத்திருந்ததில் தோள் வலித்தது, தாகமெடுத்தது என்பதுதான். எல்லாருக்கும் இப்படி சுலபமாகப் போய்விடும் என்று சொல்லவில்லை. மின்சாரம் தொடும்போது வலிப்பு வரலாம், குளிர்ந்த உப்பு நீரை மூளையின் மேல் ஊற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் நோயாளி களைத்துப்போவார், பதில் தடுமாறும், அது அயர்ச்சியாலா, முக்கியமான நரம்பை நெருங்கிவிட்டதாலா என்று பிரிக்க முடியாத தருணங்கள் வரும். அப்போது பல சர்ஜன்கள் நிறுத்திவிடுவார்கள், மிச்சம் விடப்படும் இடங்களில் பல இப்படித்தான் முடிவாகின்றன.

இதற்குப் பலன் உண்டா என்றால், இந்தத் துறையில் எனக்கு அதிக நம்பிக்கை தரும் எண்கள் இங்கேதான். 2008இல் பெர்கர் குழு வெளியிட்ட 250 பேரின் கணக்கில், 6 மாதத்துக்குப் பிறகும் பேச்சுக் குறை நீடித்தவர்கள் 1.6 சதவீதம். 2012இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மின்சோதனையோடு செய்தவர்களில் நிலையான பெரிய பாதிப்பு 3.4 சதவீதம், அது இல்லாமல் 8.2. அதே சமயம் கட்டியை முழுவதும் எடுத்ததும் மின்சோதனை செய்த குழுவில்தான் அதிகம், 75 சதவீதம், மற்றதில் 58. பாதிப்பும் குறைவு, எடுத்ததும் அதிகம். இரண்டும் ஒன்றாக நடப்பது எங்கள் வேலையில் அபூர்வம். எல்லை எங்கே என்று தெரிந்ததால் சர்ஜன் துணிந்து அதுவரை போனார், அதுதான் காரணம். எனவே விழித்திருக்க வேண்டும் என்று அண்ணனுக்குச் சொன்னது அதிகம் எடுப்பதற்காகவும்தான். கை கால் அசைவை மட்டும் காப்பாற்ற வேண்டுமென்றால் தூக்கத்திலேயே தசைகளில் மின்முனை பொருத்திச் சோதிக்கலாம், பேச்சுக்கு அப்படி ஒரு வழி இன்று இல்லை. சின்னக் குழந்தைகள், ஏற்கெனவே பேச்சு வெகுவாகக் குழறிப்போனவர்கள், தூக்கத்தில் மூச்சு அடைக்கும் அளவுக்குப் பருமனானவர்கள், பயத்தை அடக்கவே முடியாதவர்கள் ஆகியோருக்கு இது ஒத்துவராது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். படத்தின் பெயர் சொல்வதை அளக்கிறோம், கையசைவை அளக்கிறோம். ஒரே நேரத்தில் இரண்டு காரியத்தை மனதில் வைத்துக்கொள்வது, அடுத்தவர் முகக்குறிப்பைப் புரிந்துகொள்வது, சட்டென்று கோபப்படாமல் இருப்பது இவற்றையெல்லாம் தியேட்டரில் அளப்பது கடினம், சில குழுக்கள் முயன்றுகொண்டிருக்கின்றன. வீட்டுக்குப் போன பிறகு "பேசுகிறார், நடக்கிறார், ஆனால் பழைய ஆள் இல்லை" என்று மனைவிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அறிக்கையில் அது "பாதிப்பு இல்லை" என்றுதான் பதிவாகியிருக்கும். அதேபோல நேர்மாறாகவும் நடக்கும். முன்மூளையின் நடுப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் செய்தால் அடுத்த நாள் நோயாளி பேசாமல், ஒரு பக்கம் அசைக்காமல் படுத்திருப்பார், வீட்டார் அழுதுவிடுவார்கள், வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பகுதி திரும்பிவிடும். அண்ணனின் கட்டி அந்த இடத்துக்குப் பக்கத்திலா என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

லேசரும் ரோபோவும் சீக்கிரம் முடிந்துவிடும். லேசர் என்பது சிறு துளை வழியாக மெல்லிய இழையைக் கட்டிக்குள் விட்டு, எம்ஆர்ஐயில் சூட்டைக் கவனித்துக்கொண்டே உள்ளேயே வேகவைப்பது. ஆழத்தில் இருக்கும் சிறிய கட்டிகளுக்கும் கதிர்வீச்சுக்குப் பிறகு வரும் சில பிரச்சினைகளுக்கும் உதவுகிறது, பெரிய க்ளியோமாவுக்குத் திறந்து எடுப்பதற்கு மாற்றாக அதை யாரும் நிறுவவில்லை. ரோபோ பயாப்சி ஊசியைத் துல்லியமாக வழிநடத்தும், கருவியைப் பிடித்துக்கொள்ளும். கட்டியைத் தானே அறுத்து எடுக்கும் ரோபோ எந்த வழக்கமான சிகிச்சையிலும் இல்லை. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம்.

எனக்கு உண்மையான மாற்றமாகத் தெரிவது வேறு பக்கத்தில் நடக்கிறது. கட்டியின் வகை என்ன என்பதை முன்பு மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு செய்தார்கள், இப்போது அதோடு மரபணு மாற்றத்தையும் சேர்த்து வைத்து முடிவு செய்கிறார்கள், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஐடிஹெச் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா இல்லையா என்பது ஸ்கேனில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு பேரின் எதிர்காலத்தை அடியோடு வேறாக்கிவிடும். இதைத் தியேட்டரில் இருக்கும்போதே தெரிந்துகொள்ளலாம் என்று 2023இல் நெதர்லாந்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 25 ஆபரேஷன்களில் துணுக்கின் டிஎன்ஏவை அப்போதே படித்ததில் 18இல் சரியான விடை கிடைத்தது, அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்குள். மற்ற ஏழில் போதிய உறுதி இல்லை என்று கணினி முடிவு சொல்லாமல் விட்டது, தெரியாததைத் தெரியாது என்று சொன்னதே எனக்குப் பிடித்தது. இது வழக்கத்துக்கு வந்தால் எவ்வளவு துணிந்து எடுப்பது என்ற கணக்கே மாறும். ஐடிஹெச் மாற்றமுள்ள மெதுவான வகைக்கு வோராசிடெனிப் என்ற மாத்திரை வந்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சம் இருந்தவர்கள், திரும்பி வந்தவர்கள் ஆகியோரிடம் சோதித்ததில், நோய் வளராமல் இருந்த இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாகக் கூடியது. 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆயுளைக் கூட்டுகிறதா என்று சொல்ல இன்னும் வருடங்கள் ஆகும். ஆனால் மிச்சம் விடப்பட்ட கட்டிக்கும் வழி இருக்கிறது என்பது, பேச்சைப் பணயம் வைத்துக் கடைசிச் சென்டிமீட்டரைத் துரத்த வேண்டுமா என்ற கேள்வியை மாற்றிவிட்டது.

க்ளியோபிளாஸ்டோமா என்று வந்தால் நிலைமை கடுமையானது, சர்க்கரை தடவிச் சொல்லப்போவதில்லை. ஆபரேஷன், கதிர்வீச்சு, டெமோசோலோமைடு மாத்திரை மூன்றும் சேர்ந்தது 2005இல் வழக்கமான சிகிச்சையானது, அந்த ஆய்வில் இடைநிலை ஆயுள் 14.6 மாதம், மாத்திரை இல்லாமல் 12.1. 2 வருடம் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 ஆனார்கள். திரும்பி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை எடுத்த இடத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் முளைப்பதால், தெரிவதற்கும் அப்பால் கொஞ்சம் சேர்த்தே எடுக்கலாம் என்று சில குழுக்கள் செய்கின்றன. ஆபத்தில்லாத பகுதியில் அது சரியாக இருக்கலாம், உறுதியான ஆதாரம் இன்னும் போதவில்லை. திரும்பி வந்த பிறகு இரண்டாவது தடவை அறுப்பதும் அப்படித்தான், சிலருக்குப் பலன், யாருக்கு என்று முன்கூட்டியே சொல்வதுதான் சிரமம்.

சரி, வேறு இடம் போகலாமா? இரண்டாவது கருத்து கேளுங்கள், எந்த நல்ல சர்ஜனும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், அண்ணனுக்கு மண்டை அழுத்தம் அதிகமாகி வாந்தியும் மயக்கமும் இல்லையென்றால் சில நாள் அவகாசமும் பெரும்பாலும் இருக்கும். கேட்கும்போது என்ன மெஷின் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். விழித்திருந்து செய்வதை வழக்கமாகச் செய்கிறீர்களா, பேச்சைச் சோதிப்பவர் யார், அவர் முன்கூட்டியே அண்ணனைச் சந்திப்பாரா, எந்த நிலையில் நிறுத்துவீர்கள், மரபணுச் சோதனை எங்கே செய்வீர்கள், ஆபரேஷன் முடிந்து 2, 3 நாளுக்குள் எம்ஆர்ஐ எடுத்து எவ்வளவு மிச்சம் என்று காட்டுவீர்களா என்று கேளுங்கள். முழுவதும் எடுத்துவிடுவேன், ஒன்றும் ஆகாது என்று ஸ்கேனைப் பார்த்த ஐந்து நிமிடத்தில் உறுதி கொடுப்பவரிடம் நான் என் வீட்டாரை அனுப்ப மாட்டேன். அண்ணனிடமும் பேசுங்கள், அவருக்கு எது முக்கியம், பேச்சா, கையா, வேலைக்குத் திரும்புவதா, எதை இழந்தால் பரவாயில்லை என்று சர்ஜனிடம் அவரே சொல்லட்டும், நிறுத்தும் இடம் அதைப் பொறுத்தும் மாறும்.

அப்புறம் சின்ன விஷயங்கள். அண்ணன் இரண்டு மொழி பேசுபவர் என்றால் இரண்டிலும் சோதிக்கச் சொல்லுங்கள், ஒரே ஆளுக்கு இரண்டு மொழிகளும் சில இடங்களில் தனித்தனிப் புள்ளிகளில் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். வலிப்பு மாத்திரையை ஆபரேஷன் அன்று காலையிலும் நிறுத்தக்கூடாது என்பதுதான் வழக்கம், எத்தனை மணிக்குப் போடுவது என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் அதை வார்டிலேயே கழற்றி வாங்கிவிடாமல் தியேட்டர் வரை கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், படம் மங்கலாகத் தெரிந்து பெயர் சொல்லத் தடுமாறினால் நாங்கள் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்போம்.